உட்செவிக் கருவி: எதை எதிர்பார்க்கலாம்?

சாதாரண காது கேட்கும் கருவி ஒலியைப் பெருக்கித் தரும். அது போதாதவர்களுக்கு உரியதே காக்ளியர் இம்பிளாண்ட். இது செவி நரம்பை நேரடியாக மின்துடிப்பால் தூண்டுகிறது. 1978இல் மெல்பேர்னில் பேராசிரியர் கிறேம் கிளார்க் குழுவினர் தமது கருவியை முதன்முதலாகப் பொருத்தினர்.

சத்திரசிகிச்சை முடிந்தவுடனே கேட்காது. பொதுவாகச் சில வாரங்களின் பின்னரே கருவி இயக்கப்படும். ஆரம்பத்தில் பேச்சு இயந்திரக் குரல்போல ஒலிப்பதால் பலர் மனம் சோர்ந்துவிடுகிறார்கள். மூளை பழகுவதற்கு மாதங்கள் வேண்டும். அமைதியான அறையில் பேச்சு விளங்கினாலும், கூட்ட இரைச்சலும் இசையும் கடினமாகவே இருக்கலாம். இதை முன்கூட்டியே அறிந்திருந்தால் ஏமாற்றம் குறையும்.

காது கேளாமலே நீண்டகாலம் இருந்துவிட்டால் பலனும் குறையக்கூடும். ஆகவே, "வயது போனால் அப்படித்தான்" என்று நம் பெற்றோரை விட்டுவிடாமல், செவிப்புலப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வோம். கருவி பொருத்திய பின் தினமும் முகம் பார்த்து, நிதானமாகப் பேசுவோம். அதுவும் சிகிச்சையே.