போனைப் பிடுங்கினால் சரியாகிவிடுமா?

நினைத்தாலும் போனைக் கீழே வைக்க முடியாதவரைத் ‘திமிர்’ என்றும் ‘சோம்பேறி’ என்றும் ஏசியே உதவி தேடவேண்டிய காலத்தை வீணாக்கிவிடுகிறோம். நம் வீடுகளில் வேரூன்றிய நான்கு நம்பிக்கைகளைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: மணிக்கணக்கில் போன் பார்த்தாலே அடிமைதான்.

உண்மை: நேரம் மட்டுமே அளவுகோல் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின், 2022-இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் ‘கேமிங்’ பாதிப்பு இடம்பெற்றுள்ளது. விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே பெரிதாகிவிடுவது, கெடுதல் நேர்ந்தும் தொடர்வது ஆகியவையே அறிகுறிகள். நோய் என்று சொல்ல, இவை வாழ்க்கையைக் கடுமையாகப் பாதித்திருக்க வேண்டும். பொதுவாக 12 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும். ரீல்ஸ் மோகம் அந்தப் பட்டியலில் தனி நோயாக இல்லை. ஆனாலும் அதற்கும் உதவி கேட்கலாம்.

நம்பிக்கை: போனைப் பிடுங்கி, நெட்டை நிறுத்தினால் தானாகச் சரியாகும்.

உண்மை: பலருக்கு இந்தப் பழக்கத்துக்கு அடியில் மனச்சோர்வு, பதற்றம், கவனக்குறைபாடு, தனிமை ஏதேனும் இருக்கும். போன் போனாலும் அவை போகா; சண்டைதான் வளரும். சீனாவில் சிலர் இணையப் பழக்கத்தை விடவைக்க மின்அதிர்ச்சி கொடுப்பது வரை போனார்கள். 2009-இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகமே அதை நிறுத்தச் சொன்னது. நல்ல ஆலோசகர் வேறு வழியில் தொடங்குவார்: எந்த நேரத்தில், என்ன மனநிலையில் கை போனைத் தேடுகிறது? அதைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் வேறொரு செயலைப் பழக்குவார், தூக்கத்தைச் சீராக்குவார். படிப்பும் வேலையும் பணப் பரிமாற்றமும் இணையத்தில் நடக்கும்போது அதை அடியோடு விடுவது நடக்காது. கட்டுப்பாட்டை மீட்பதே இலக்கு.

நம்பிக்கை: மனநல மருத்துவரிடம் போனால் காலமெல்லாம் மாத்திரைதான்.

உண்மை: இந்தப் பழக்கத்துக்கென்று தனி மாத்திரை இல்லை. பேச்சுவழிச் சிகிச்சையே முதன்மை. கூடவே மனச்சோர்வு போன்றவை இருந்தால், தேவைப்பட்டால் மட்டும் அதற்கு மருந்து தருவார்கள்.

நம்பிக்கை: இதற்கெல்லாம் பணக்காரர்கள்தான் வைத்தியம் பார்க்க முடியும்.

உண்மை: பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் இதற்கென்றே தனிச் சேவை இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் பார்க்கலாம். வீட்டிலிருந்தே 14416 என்ற அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை அழைத்தால், 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசுவார்கள்.

பிள்ளை சிகிச்சைக்கு வர மறுத்தால், பெற்றோர் முதலில் ஆலோசகரிடம் பேசுங்கள். வீட்டில் எப்படிப் பேசுவது, எதை மாற்றுவது என்று கேட்டுக்கொள்வதும் சிகிச்சையின் பகுதிதான்.