பரிசலிலிருந்து விழுந்தால் திரும்ப ஏறுவது எப்படி?

மேட்டூர் நிரம்பி, முக்கொம்பில் உபரி நீரைத் திருப்பிவிட்டால்தான் கொள்ளிடம் இரு கரையும் தொட்டு ஓடும். மற்ற மாதங்களில் அரியலூர் மாவட்டத்தின் தென் எல்லையில் பெரும்பாலும் மணல்தான். பெரம்பலூர்ப் பக்கத்து ஏரிகளோ ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி இருப்பவை. தண்ணீர் வந்ததும் பரிசல் இறங்குகிறது, வலை இறங்குகிறது. அதோடு சில நம்பிக்கைகளும் இறங்குகின்றன. அவற்றில் சில உயிரை வாங்கக்கூடியவை.

“நீச்சல் தெரிந்தவன் விழுந்தால் என்ன, ஏறிக்கொள்வான்.”

நீந்துவது ஒரு வேலை, ஏறுவது வேறொரு வேலை. 60 கிலோ ஆள் தலையை மட்டும் நீட்டி மிதக்கும்போது அவர் உடம்பின் பெரும்பாரத்தைத் தண்ணீரே சுமக்கிறது; மிஞ்சுவது நாலைந்து கிலோதான். இடுப்புவரை வெளியே எழும்பினால் அது 30 கிலோவைத் தாண்டிவிடும். அவ்வளவு பாரமும் விளிம்பில் ஒரே இடத்தில் இறங்குகிறது. வட்டமான பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எந்தப் பக்கம் தொங்கினாலும் அந்தப் பக்கம் சாயும். நல்ல நீச்சல்காரர் பலமுறை எம்பி எம்பித் தோற்று, கை சோர்ந்த பிறகுதான் ஆபத்தில் சிக்குகிறார்.

“விளிம்பைப் பிடித்துக் கையை ஊன்றி எழும்பினால் போதும்.”

கிணற்று மேட்டில் ஏறிப் பழகிய கை அப்படித்தான் செய்யப் பார்க்கும். கிணற்றுச் சுவர் அசையாது, படகு அசையும். விளிம்பைப் பிடித்துத் தொங்கியதும் கால்கள் தாமாகப் படகின் அடிக்குள் போய்விடும். அந்த நிலையில் எவ்வளவு பலசாலியானாலும் தன்னை மேலே இழுக்க முடியாது. இழுக்க இழுக்கப் படகு தலைமேல் கவிழ வரும்.

காலிலிருந்துதான் தொடங்க வேண்டும். விளிம்பை இரு கையாலும் பிடித்தபடி உடம்பைக் குப்புற நீட்டி, கால்களைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு தண்ணீர் தெறிக்க மாறி மாறி உதைக்க வேண்டும். உதையின் வேகத்தில் உடம்பு முன்னால் வரும்போது, விளிம்பைக் கீழே அழுத்தி இடுப்புப் பக்கம் தள்ளினால் மார்பு உள்ளே வழுக்கும். தொப்புள் விளிம்பைத் தாண்டும்வரை உதையை நிறுத்தக் கூடாது. தாண்டியதும் தலையைத் தாழ்த்தி, உள்ளே எட்டிப் பிடித்து, அப்படியே புரண்டு விழ வேண்டும். முட்டி போட்டு எழ முயன்றால் மறுபடி தண்ணீரில்தான். அணைக்கரையில், கீழணையின் பக்கம் ஓடுவதுபோன்ற நீளப் படகு என்றால், பக்கவாட்டைவிடப் பின்பக்கம் ஏறுவது மேல். எஞ்சின் இருந்தால் அதை நிறுத்திய பிறகே கிட்டே போக வேண்டும்.

“உள்ளே இருப்பவர் குனிந்து கையைக் கொடுத்து இழுக்க வேண்டும்.”

விழுந்தவருக்காகத் துடித்துக் குனிகிறவரும் சேர்ந்தே விழுவது இப்படித்தான். இரண்டு பேர் பாரமும் ஒரே விளிம்பில்! உள்ளே இருப்பவர் எதிர்ப்பக்கம் தாழ உட்கார்ந்து, தன் உடம்பை எதிர்ப்பாரமாக வைக்க வேண்டும். “காலை உதைப்பா, உதைச்சுக்கிட்டே வா” என்று சொல்லிக்கொடுக்கலாம். அவர் வயிறு விளிம்பில் படிந்த பிறகு, உட்கார்ந்த இடத்திலிருந்தே இடுப்புத் துணியை எட்டிப் பிடித்து இழுக்கலாம்.

தனியாக மீன் பிடிக்கப் போனவர் பரிசலிலிருந்து விழுந்தால்? எதிர்ப்பாரத்துக்கு ஆள் இல்லை. ஏற முயன்று பலத்தை வீணாக்க வேண்டாம். பரிசலைப் பிடித்துக்கொண்டு, உதைத்தபடி கரைக்குத் தள்ளிப் போக வேண்டும். கவிழ்ந்தே கிடந்தாலும் மிதக்கும்வரை அதை விடக் கூடாது. பரிசலை விட்டுவிட்டுக் கரையை நோக்கி நீந்துவதுதான் வீரம் என்ற எண்ணத்தை ஊரில் யாராவது வன்மையாக மறுக்க வேண்டும். மறுக்கிறேன். கரை கண்ணுக்குக் கிட்டத் தெரியும். ஓட்டத்தில் அது தூரம்.

கடற்கரை மீனவரின் கட்டுமரத்தை இங்கே நினைத்துக்கொள்வது நல்லது. அதற்குப் பக்கச் சுவர் கிடையாது, நீர் மட்டத்தை ஒட்டிக் கிடக்கும். அலை தூக்கி எறிந்தாலும் மார்பைச் சரித்து வழுக்கி ஏறிவிடலாம். உயரமான விளிம்புள்ள படகில் அந்த வசதி இல்லாததால் ஒரு கயிறு வேண்டும். குறுக்குப் பலகையில் இறுக்கிக் கட்டி, நீர் மட்டத்துக்கு ஒன்றரை, இரண்டு அடி கீழே சுருக்கு தொங்கும்படி விட்டால், கால் வைக்கப் படி கிடைக்கும். பரிசலில் இந்தச் சுருக்கு எதிர்ப்பாரம் இருந்தால் மட்டுமே உதவும்.

“கொள்ளிடத்தில் எங்கும் கால் எட்டும்” என்பார்கள். மணல் அள்ளிய பள்ளம் நீருக்கு மேலே தெரியாது.

“நனைந்த துணி இழுத்து மூழ்கடிக்கும்” என்பதும் அரைகுறை உண்மை. துணிக்குள் இருக்கும் தண்ணீருக்கு, தண்ணீருக்குள் பாரமில்லை. வெளியே வரும்போதுதான் பாரம். கைலியின் உண்மையான கெடுதல் வேறு: முட்டியில் சுற்றிக்கொண்டு உதைக்க விடாது. தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டோ, கால்சட்டையிலோ பரிசல் ஏறுவது நல்லது. மேலே லைஃப் ஜாக்கெட் கட்டாயம் வேண்டும். சோர்ந்துபோன கைக்கு ஓய்வு கொடுக்க அதைவிட்டால் வேறு வழியில்லை.

மூழ்குகிறவர் கூச்சல் போடுவார் என்று காத்திருக்கவும் கூடாது. மூச்சுக்கே வாய் போதாதபோது குரல் எங்கே வரும்? பெரும்பாலும் சத்தமில்லாமல், ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். கரைசேர்த்த பிறகு தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்குவதும் வேண்டாம். வயிற்றுத் தண்ணீர் வாந்தியாக வந்து மூச்சுக்குழாயில் இறங்கும். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, பிறகு நடுமார்பை 30 முறை அழுத்தி, 2 மூச்சு கொடுத்து, இதையே மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கூட இருக்கும் இன்னொருவர் அதற்குள் 108ஐ அழைக்க வேண்டும்.