உப்புநீர்த் தொட்டிகளில் மணிச்சத்தை நீக்கும் சரக்குகள்

ஆலங்குடி, வம்பன், கந்தர்வகோட்டைப் பக்கங்களில் செம்புரை மண்ணில் சாகுபடி செய்யும் மிராசுதார்களுக்கு ஒரு விஷயம் நன்கு தெரியும். அடியுரமாக இடும் சூப்பர் பாஸ்பேட்டில் அவ்வருஷப் பயிருக்குக் கிடைப்பது சிறு பங்கே. எஞ்சிய மணிச்சத்தை மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் பற்றிக்கொண்டு எளிதில் விடுவதில்லை. இதனாலேயே அவ்வுரத்தை நிலம் முழுவதும் தூவாமல், மக்கிய தொழு உரத்துடன் கலந்து வேருக்கு அருகில் இடும்படி சொல்லப்படுகிறது.

பயிர்த்தொழிலுக்கு நஷ்டமான இக்குணமே லாபமாக முடியும் தொழில் ஒன்று உண்டு. பவளப் பாறைகளில் வாழும் மீன்களையும் பிற பிராணிகளையும் உப்புநீர்த் தொட்டிகளில் வளர்ப்பதே அது. வயலில் விளைச்சலைப் பெருக்கும் மணிச்சத்து அத்தொட்டிகளில் மிகுந்தால் கேடு விளைக்கும். அதை நீக்குவதற்கு விற்கப்படும் சரக்குகள் பலவகை, விலையும் குறைவன்று. எந்தத் தொட்டிக்கு எச்சரக்கு ஏற்றது, எதற்குச் சரக்கே வேண்டுவதில்லை என்பதை அறிந்து வாங்குவோர் வீண் செலவினின்று தப்புவர்.

இம்மாவட்டத்தாருக்கு இதில் உள்ள அக்கறை

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் முதலிய ஊர்கள் பாக்கு விரிகுடாக் கரையில் அமைந்தவை. அக்கரையின் தெற்கே மண்டபத்தில் 1947-ஆம் ஆண்டில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் 1971-இல் கொச்சிக்கு மாறிய பின்னும் மண்டபத்தில் ஆராய்ச்சி நடந்து வருகிறது. கோமாளி மீன் முதலான அலங்காரக் கடல் மீன்களைத் தொட்டியிலேயே பொரிக்கச் செய்து வளர்க்கும் முறையை இந்நிலையத்தார் வகுத்திருக்கின்றனர். உப்பேறிய நிலத்தையும் கடல்நீர் வசதியையும் உடையவர்கள் இதை உபதொழிலாகக் கொள்ள இடமுண்டு.

கிராம அதிகாரிகள் நினைவில் வைக்க வேண்டிய சட்டம் ஒன்றும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கற்பவளங்கள், கருப்புப் பவளங்கள், கடல் விசிறிகள் முதலியன 2001-இல் சேர்க்கப்பட்டன. உயிருள்ள பவளமாயினும் கரையிலிருந்து பெயர்த்த பவளக்கல்லாயினும் தொட்டிக்காகக் கடலிலிருந்து எடுத்தல் குற்றமாகும். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய கடற்பகுதி 2022-ஆம் ஆண்டில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டுள்ளது. ஆகவே தனியார் தொட்டிக்குப் பண்ணையில் பொரித்த மீனும் செயற்கைப் பாறையுமே உரியவை. பவளம் வளர்த்தல் முறையான அனுமதி பெற்ற ஆராய்ச்சி நிலையங்களுக்கும் காட்சிசாலைகளுக்கும் உரிய காரியம்.

மணிச்சத்தால் விளையும் கேடு

பவளப் பாறைகளைச் சூழ்ந்த தெளிந்த கடல்நீரில் பாஸ்பேட் மிகச் சொற்பம், லிட்டருக்கு 0.02 மில்லிகிராமுக்கும் குறைவாகவே பொதுவாகக் காணப்படும். இது மிகுந்தால் இரண்டு தீங்குகள் நேரும். முதலாவது, பாசி பெருகிப் பாறையை மூடும். இரண்டாவது, பவளம் தன் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டும் வேலை தடைப்படும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஒரு பகுதிக்குத் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் எட்டு மாதம் ஊட்டிப் பார்த்ததில், சுண்ணாம்பு படிதல் பாதிக்கு மேல் குறைந்ததாக 1979-இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது.

ஆயினும் மணிச்சத்தை அடியோடு ஒழிப்பதும் தவறு. பவளத்தினுள் வாழும் நுண்பாசிக்கும் அது ஆகாரம். தழைச்சத்து மிகுந்து மணிச்சத்து இல்லாமற்போனால் பவளம் வெப்பத்தையும் வெயிலையும் தாங்காமல் வெளுத்துப் போகும் என்பதை இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்தோர் முதலான ஆராய்ச்சியாளர் 2013-இல் விளக்கினர். ஆகையால் பவளத் தொட்டியில் லிட்டருக்கு 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரை பாஸ்பேட்டை நிறுத்துவதே நடைமுறையில் ஏற்ற இலக்கு.

மீன் மட்டும் வளரும் தொட்டியின் விஷயம் வேறு. இந்த அளவுகளிலுள்ள பாஸ்பேட் மீனுக்கு விஷமன்று. கோமாளி மீன் பொரிப்பகம் வைப்பவர் அஞ்ச வேண்டியது அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்குமே. அவர் பாஸ்பேட் நீக்கும் சரக்கை வாங்குவது பெரும்பாலும் வீண் செலவு. அப்பணத்தை நல்ல தீவனத்திற்கும் நீர் மாற்றுவதற்கும் செலவிடுதல் நலம்.

மணிச்சத்து வரும் வழிகள்

முதல் வழி தீவனம். 500 லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு 5 கிராம் உலர்தீவனம் இடுவதாகக் கொள்வோம். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு மணிச்சத்து இருந்தால் 50 மில்லிகிராம். பாஸ்பேட்டாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 150 மில்லிகிராம். மீனின் உடலில் சேரும் பங்கைத் தள்ளாமல் பார்த்தால் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம். மேற்சொன்ன கீழ் இலக்கைப் போல் பத்து மடங்கு ஒரே நாளில் உட்புகக் கூடும். தீவனத்தை மீன் தின்றுமுடிக்கும் அளவிற்கு மட்டும் இடுவதே எல்லாச் சரக்கிலும் மலிவான சரக்கு.

இரண்டாவது வழி நீர். ஆவியாகும் நீருக்கு ஈடாகக் கிணற்று நீரை ஊற்றினால் அதிலுள்ள உப்புக்களும் மணிச்சத்தும் தொட்டியில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். சவ்வினால் சுத்திகரித்த நீரே ஏற்றது. தெற்கு வெள்ளாறு முதலானவை வெள்ளம் கொண்டு கடலில் கலக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் முகத்துவாரத்தருகே கடல்நீர் எடுத்தல் கூடாது. அதில் வயல்களின் வண்டலும் உரமும் கலந்திருக்கும்.

மூன்றாவது வழி பாறை. சுண்ணாம்புக் கல்லும் மணிச்சத்தைப் பற்றிக்கொள்ளும். நீரில் அது குறையும்போது சிறிது சிறிதாகத் திரும்ப விடும். பழைய தொட்டியில் சரக்கு இட்டதும் இறங்கிய அளவு சில நாளில் மறுபடி ஏறுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். சரக்கு கெட்டது என்று விற்பவரை நோவதில் பயனில்லை.

அளவு பார்த்தல்

மண் பரிசோதனைச் சாலைகளில் மணிச்சத்தை அளக்கும் மாலிப்டேட் நீலநிற முறையே தொட்டி நீருக்கும் பயன்படுகிறது. நீலம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு மணிச்சத்து. முடிவைப் படிக்கையில் அலகைக் கவனிக்க வேண்டும். உரமூட்டையில் அச்சிடுவது மணிச்சத்தின் ஆக்ஸைடுக் கணக்கு. சில பரிசோதனைப் பெட்டிகள் வெறும் பாஸ்பரஸ் கணக்கையும், வேறு சில பாஸ்பேட் கணக்கையும் காட்டும். 100 கிலோ டி.ஏ.பி.யில் 46 கிலோ என்று மூட்டையில் கண்டால், அது பாஸ்பரஸாக 20 கிலோவும் பாஸ்பேட்டாக 61 கிலோவும் ஆகும். பாஸ்பரஸ் அளவை ஏறக்குறைய மூன்றால் பெருக்கினால் பாஸ்பேட் அளவு கிடைக்கும்.

சரக்குகளின் குணங்கள்

1. குருணை இரும்பு ஆக்ஸைடு. செங்கபில நிறமான இக்குருணை, குடிநீரிலுள்ள ஆர்ஸனிக்கை நீக்குவதற்காக 1990-களில் பெர்லின் தொழில்நுட்பச் சர்வகலாசாலையில் உருவாக்கப்பட்ட சரக்கின் இனத்தது. கடல்நீரின் காரநிலையிலும் இது மணிச்சத்தை உறுதியாகப் பற்றும். பற்றியதை எளிதில் விடாது. குற்றம் யாதெனில், குருணை ஒன்றோடொன்று உராய்ந்தால் தூளாகி நீரைக் கலக்கும். அசையாதிருந்தால் கட்டிபட்டுப் போகும். ஒரே தடவையில் அதிகமாக இட்டால் மணிச்சத்து திடீரென்று வீழ்ந்து உயிர்கள் நலியும்.

2. கிளர்வுற்ற அலுமினா. வெண்ணிற உருண்டைகளாகக் கிடைப்பது. நீரிலுள்ள புளூரைடை நீக்கவும் பயன்படுகிறது. தூளாவது குறைவு, கையாளுவது சுலபம். ஆனால் சற்றே புளிப்பான நீரில்தான் இது நன்றாக வேலை செய்யும், காரநிலை 8.2 அளவிலுள்ள கடல்நீரில் இதன் சக்தி குறையும். மேலும் இதிலிருந்து சிறிது அலுமினியம் நீரில் கலக்கக்கூடும் என்றும், அதனால் மென்பவளங்கள் சுருங்குவதுண்டு என்றும் கண்டிருக்கின்றனர். சில நாள் வைத்து எடுத்துவிடும் அவசர உபயோகத்திற்கு இது ஏற்றது.

3. லாந்தனம் குளோரைடு. இது திரவம். மணிச்சத்துடன் சேர்ந்து கரையாத நுண்தூளாகப் படியும். 1 மில்லிகிராம் பாஸ்பேட்டுக்கு ஏறக்குறைய 1.5 மில்லிகிராம் லாந்தனம் வேண்டும். பல்லாயிரம் லிட்டர் கொள்ளும் காட்சிசாலைத் தொட்டிகளுக்குச் செலவு குறைந்தது இதுவே. ஆனால் படிந்த தூள் மீனின் செவுளில் சேராதபடி, 5 முதல் 10 மைக்ரான் வடிதுணிக்கு முன்பாகத் துளித்துளியாக விட வேண்டும். நீரின் கார இருப்பையும் இது குறைத்துவிடும். அனுபவமில்லாதார் சிறு தொட்டியில் இதைக் கையாளாமலிருப்பதே க்ஷேமம்.

4. செம்புராங்கல். ‘நம் ஊர்க் கல்லிலேயே இரும்பும் அலுமினியமும் இருக்கையில் வெளிச்சரக்கு எதற்கு?’ என்று கேட்பது நியாயமே. கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் செம்புராங்கல்லைக் கொண்டு ஆர்ஸனிக் நீக்கும் வடிகட்டி செய்தும் இருக்கின்றனர். ஆனால் அவர்கள் கல்லை அமிலத்தாலும் காரத்தாலும் பதப்படுத்திய பின்னரே உபயோகித்தனர். பதப்படுத்தாத கல் கரைந்து நீரைக் கலக்கும். அதன் சக்தி குழிக்குக் குழி வேறுபடும். வயலோரக் கல்லாயின் உரத்தை முன்பே உண்டிருக்கவும் கூடும். சோதிக்க விரும்புவோர் பிராணிகளில்லாத இரண்டு வாளிகளில் ஒரே கடல்நீரை நிரப்பி, ஒன்றில் மட்டும் கழுவிய கல்லை இட்டு, ஒரு வாரத்தில் இரண்டையும் அளந்து ஒப்பிடலாம். உரமிடாத பாத்தியை ஒட்டி வைத்துப் பயிர்ச் சோதனை செய்வது போன்றதே இது. முடிவு தெரியாமல் தொட்டியில் இடலாகாது.

தேர்வும் உபயோகமும்

மீன் மட்டும் உள்ள தொட்டிக்குச் சரக்கு தேவையில்லை. சுண்ணாம்பு படியவிடும் உயிர்களுள்ள சிறிய, நடுத்தரத் தொட்டிகளுக்குக் குருணை இரும்பு ஆக்ஸைடு முதல் தேர்வு. பெருந்தொட்டிக்குப் பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் லாந்தனம். கல்பவளங்கள் மட்டுமே உள்ள தொட்டியில் தற்காலிகமாக அலுமினா.

இரும்புக் குருணையைச் சுத்திகரித்த நீரில் கலங்கல் நீங்கும் வரை அலச வேண்டும். பின்னர் குழாய் வடிகட்டியில் இட்டு, குருணை மெல்ல அசையும் அளவிற்கே நீரைக் கீழிருந்து மேலாக ஓடவிட வேண்டும். தயாரிப்பாளர் சொல்லும் அளவில் கால் பங்கிலோ அரைப் பங்கிலோ தொடங்கி, மூன்று நாளுக்கொரு தரம் அளவு பார்த்துக் கூட்டலாம். உட்புகும் நீரையும் வெளிவரும் நீரையும் தனித்தனியே சோதித்து, இரண்டும் சமமானால் சரக்கு நிறைந்துவிட்டதென்று அறிந்து மாற்ற வேண்டும். தேதியை நம்பி மாற்றுவோர் நல்ல சரக்கை எறிவர், அல்லது செத்த சரக்கை வைத்திருப்பர்.

நீர் மாற்றுவதால் மட்டும் குறை தீராது. லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் உள்ள தொட்டியில் ஐந்திலொரு பங்கு நீரை மாற்றினால் 0.4 ஆகும், பாறை விடுவதால் அதுவும் மீண்டும் ஏறும்.

கழித்த இரும்புக் குருணையில் மணிச்சத்து இருக்கிறதென்று கருதி வயலில் இடுதல் தவறு. அது பற்றிய சத்தை வேருக்கு எளிதில் தராது. மீதமுள்ள பற்றும் சக்தியால் நிலத்திலுள்ள சத்தையும் பிடித்துக்கொள்ளும். கடலுப்பும் கூட வரும். அதைப் பயிர்நிலத்திற்கும் குளத்திற்கும் விலக்கி அப்புறப்படுத்த வேண்டும்.

செம்புரை நிலத்தில் உரம் ஏன் மறைகிறது என்பதை அறிந்த சாகுபடியாளருக்கு இச்சரக்குகளின் இயல்பு புதிதன்று. தீவனத்தைக் குறைத்து, நீரைச் சோதித்து, தேவையென்று கண்ட பின் வாங்குவோருக்குச் சிறிதளவு சரக்கே போதும்.