வாழைக்காய்க்குக் கடுங்குளிர் ஆகாது

தாமிரபரணிப் பாசனம் பெறும் ஏரல் வட்டாரத்தில் வாழை முக்கியப் பயிராகும். தொலைதூரச் சந்தைக்குச் செல்லும் காய்களைக் குளிர்பதனக் கிடங்கில் வைக்கும்போது, குளிரைக் கூட்டினால் காய் மேலும் பல நாள் தாங்கும் என எண்ணுவது தவறாகும். வெப்பநிலை 13 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்கினால் காய் கெடும்.

காரணம் என்ன?

காயின் ஒவ்வொரு உயிரணுவையும் மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்துள்ளது. கொழுப்பும் புரதமும் கொண்ட இச்சவ்வு இளகிய நிலையில் இருந்தால்தான் தேவையானதை உள்ளே விட்டு, மற்றதைத் தடுக்கும்.

மார்கழிக் குளிரில் நெய் உறைகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. நெய்யில் நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள் அதிகம். நல்லெண்ணெயில் நிறைவுறா அமிலங்கள் அதிகம். சவ்வின் இளக்கமும் இவ்வாறே கொழுப்பின் தன்மையையும் வெப்பநிலையையும் பொறுத்தது. குளிர்நாட்டு ஆப்பிளில் பல இரகங்கள் 0 டிகிரியை ஒட்டியும் தாங்குகின்றன. வெப்பநாட்டு வாழையின் சவ்வோ இறுகிக் கசியத் தொடங்கும். தனித்தனியே இருந்த பீனால் பொருள்களும் நொதிகளும் கலப்பதால் தோல் பழுப்பாகும். காய் சீராகப் பழுக்காது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. கிடங்கின் வெப்பநிலையை 13 முதல் 14 டிகிரி வரை வைத்து, வெப்பமானி கொண்டு அன்றாடம் சரிபார்க்க வேண்டும்.

2. ஆப்பிளுக்கான குளிர் அறையில் வாழையைச் சேர்த்து வைக்கக் கூடாது.

3. ஐயமிருந்தால் ஒரு காயின் தோலைச் சீவிப் பார்க்கலாம். அடியில் பழுப்புக் கோடுகள் தெரிந்தால் அது குளிர்ப் பாதிப்பே.

கடுமையாகப் பாதிக்கப்பட்ட காய் பின்னர் வெதுவெதுப்பில் வைத்தாலும் தேறாது. ஆகவே, தொடக்கத்திலேயே கவனமாயிருப்பது நலம்.