மண்ணின் பிடி

மழைக்காலம். தாராவியில் எங்கள் படிப்பு வட்டம் கூடியிருந்தது. இட்லிக்கார அக்கா தாமதமாக வந்தார். அவர் மாட்டுங்காவில் ஒரு மரத்தடியில் இட்லி விற்கிறார்.

"பக்கத்துத் தெருவில் மரம் விழுந்துவிட்டது, தம்பி. அவ்வளவு பெரிய மரம் எப்படி விழும்?" என்று கேட்டார்.

"செய்து பார்ப்போம், அக்கா" என்றேன்.

மூன்று டப்பாக்கள் எடுத்தோம். முதல் டப்பாவில் காய்ந்த மணல். இரண்டாவதில் அழுத்திக் கெட்டியாக்கிய களிமண். மூன்றாவதில் தண்ணீர் ஊற்றிக் குழைத்த களிமண். மூன்றிலும் ஒரே அளவு குச்சியை ஒரே ஆழத்தில் நட்டோம். குச்சியின் நுனியில் நூல் கட்டிப் பக்கவாட்டில் இழுத்தோம்.

மணலில் இருந்த குச்சி உடனே சாய்ந்தது. குழைந்த மண்ணிலும் அப்படியே. கெட்டி மண்ணில் இருந்ததை அக்கா பலமாக இழுக்க வேண்டியிருந்தது.

"குச்சி ஒன்றுதான். மண்ணின் பிடிதான் வேறு" என்றார் அக்கா.

ஆம். மரத்தை இழுக்கும் நூல் காற்று. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது தள்ளும் பலம் நான்கு மடங்காகும். வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டு மரத்தை நிறுத்துகிறது. மழையில் மண் ஊறினால் பிடி தளரும். கோடைக் காற்றில் நின்ற மரம், மழையில் அதே காற்றுக்கு விழலாம்.

2021 மே 17 அன்று டவ்தே புயல் மும்பையை ஒட்டிச் சென்றது. காற்றும் மழையும் சேர்ந்து வந்தன. நூற்றுக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. 2017இல் செம்பூரில் தென்னை மரம் விழுந்து, வழியில் போன ஒரு பெண் இறந்தார்.

மனிதர் செய்யும் தவறும் உண்டு. பள்ளம் தோண்டும்போது வேரை வெட்டுகிறோம். அடிமரம் வரை சிமெண்டு பூசுகிறோம். வேருக்குக் காற்றும் நீரும் கிடைப்பதில்லை. 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டில்லிக்கு ஓர் உத்தரவு போட்டது. மரத்தைச் சுற்றி 1 மீட்டர் இடத்தில் சிமெண்டு இருக்கக் கூடாது என்றது.

ஆபத்தின் அடையாளங்கள்:

- மரம் புதிதாகச் சாய்ந்திருப்பது
- அடியில் மண் வெடித்திருப்பது
- வேருடன் தரை மேலே எழும்புவது

மறுநாள் அக்கா தன் மரத்தடியைப் பார்த்தார். மண்ணில் நீளமான வெடிப்பு இருந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார். பிறகு மாநகராட்சியின் 1916 எண்ணுக்குப் போன் செய்தார். தெருவின் பெயரைத் தாளில் தானே எழுதி வைத்திருந்தார். அதைப் படித்துச் சொன்னார்.

பேசுவோம்:

1. மழையில் மரம் எளிதாக விழுவது ஏன்?
2. உங்கள் தெரு மரத்தைச் சுற்றி மண் இருக்கிறதா, சிமெண்டு இருக்கிறதா?