முதியோர் உதவித்தொகை: நோயாளர் குடும்பத்தார் அறிய வேண்டியவை

கடல் தொழிலிலும் பனைத் தொழிலிலும் உடல் தேய்ந்தோர் பலருக்கு ஓய்வூதியம் என்று ஒன்று இல்லை. பேருந்துச் செலவுக்கு வழியின்றி மறுபரிசோதனையைத் தவிர்ப்போரும் உளர். அவர்களுக்காகவே இக்குறிப்பு.

தமிழகத்தில் 1962ஆம் ஆண்டு மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய முதியோர் உதவித்தொகை, 2023 ஆகஸ்டு முதல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் மைய அரசின் பங்கு 79 வயது வரை 200 ரூபாய், 80 முதல் 500 ரூபாய். எஞ்சியது மாநில அரசினுடையது. அறுபது வயது நிறைந்த, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள, ஆதரவற்ற முதியோர் இதனைக் கோரலாம்.

ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம் ஆகியவற்றுடன் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதாரில் ஒரு வயதும் குடும்ப அட்டையில் வேறொரு வயதும் இருப்பின், அதனை முதலில் திருத்திக்கொள்க.

விண்ணப்பத்திற்குப் பின் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரிப்பர். நோயாளர் மருத்துவமனையில் இருக்கையில் வீடு பூட்டியிருக்கலாம். ஆகவே அவர் இங்குத் தங்கியிருப்பதை முன்கூட்டியே கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவித்துவிடுவது நன்று. பிள்ளைகள் தனிக்குடித்தனம் போய், உதவாதிருப்பின் அதனைக் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும். குடும்ப மானம் கருதி “மகன் பார்த்துக்கொள்கிறான்” என்று கூறிவிட்டால், ஆதரவற்றவர் என்ற தகுதியே கேள்விக்குள்ளாகும்.

குலசேகரன்பட்டினத்தார்க்குரிய வட்டம் திருச்செந்தூர். அங்குள்ள சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரே ஆணை வழங்குபவர். மனு தள்ளுபடியானால் காரணத்தைக் கேட்டறிந்து, திங்கட்கிழமைகளில் தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு அளிக்கலாம். விண்ணப்ப ஒப்புகைச் சீட்டைக் கையோடு கொண்டு செல்க.