கோடையில் பச்சிளங்குழந்தைக்கு எவ்வளவு துணி?

பிள்ளைப்பேறு முடிந்து வீடு திரும்பும் குடும்பத்தினர் எங்களிடம் தவறாது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "குழந்தைக்குக் குல்லாவும் ஸ்வெட்டரும் எத்தனை நாள் போட வேண்டும்?" போடியிலும், பொட்டிபுரம், ராசிங்காபுரம், சிலமலை போன்ற ஊர்களிலும் பெரியவர்களே விசிறியும் கையுமாக இருக்கும் சித்திரை, வைகாசி மாதங்களிலும் இக்கேள்வி மாறுவதில்லை. இதற்குக் காரணம் உண்டு. குழந்தை பிறந்தவுடன் செவிலியர் அதன் உடலைத் துடைத்து, தலைக்குக் குல்லா இட்டு, துணியில் பொதிந்து கையில் தருவதை அப்பத்தாவும் அம்மாச்சியும் காண்கின்றனர். மருத்துவமனையில் செய்ததை வீட்டிலும் செய்வதே முறை என்று அவர்கள் கருதுவதில் வியப்பில்லை.

ஆனால் அம்முறை பிறப்பின் முதல் நாளுக்கு உரியது. கருப்பையின் வெதுவெதுப்பிலிருந்து ஈர உடலோடு வெளிவரும் குழந்தை விரைவில் வெப்பத்தை இழக்கும். அதன் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு மிக அதிகம். குளிர்ந்தால் நம்மைப் போல் உடல் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் அதற்கு இயலாது. பிடரியிலும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்தே அது வெப்பம் பெறுகிறது. ஆகவேதான் முதல் 24 மணி நேரத்துக்குக் குளிப்பாட்ட வேண்டாம் என்கிறோம்; தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

நிறைமாதத்தில் பிறந்து, 2.5 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள குழந்தை, ஓரிரு நாள்களில் நன்கு பால் குடிக்கத் தொடங்கிவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ வேய்ந்த வீட்டில், சன்னலையும் அடைத்துவிட்டு, அக்குழந்தையை மூன்று துணிகளில் சுற்றினால் உள்ளிருக்கும் வெப்பம் வெளியேற வழியில்லை. பச்சிளங்குழந்தைக்கு வியர்க்கும் திறனும் குறைவு. அதன் உடலில் தலையின் பங்கு பெரிது. மிகுந்த வெப்பம் வெளியேறும் அவ்விடத்தையும் குல்லாவால் மூடிவிடுகிறோம். குழந்தையோ தன் போர்வையைத் தானே விலக்கிக்கொள்ளாது.

வீட்டுக்குள் நீங்கள் ஒரு பருத்திச் சேலையோடு வசதியாக இருக்கிறீர்கள் என்றால், குழந்தைக்கு ஒரு மெல்லிய பருத்திச் சட்டையும் இடுப்பில் ஒரு துணியும் போதும். வெயில் கடுமையான நண்பகலில் சட்டையையும் கழற்றிவிடலாம். "பெரியவர்களைவிட ஓர் அடுக்கு கூடுதல்" என்று சொல்லப்படும் விதி குளிர்ச்சியான இடங்களுக்கானது. கோடைச் சமவெளிக்குப் பொருந்தாது. எடை குறைந்த குழந்தைகளுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் இக்கட்டுரையின் அறிவுரைகளைப் பின்பற்ற வேண்டாம். அவர்களுக்குக் குல்லாவும் தாயின் மார்பணைப்பும் நெடுநாள் தேவைப்படும். எவ்வளவு நாள் என்பதை மருத்துவர் சொல்வார்.

போதுமா போதாதா என்பதைக் குழந்தையின் உடலே காட்டும். உங்கள் புறங்கையை முதலில் அதன் வயிற்றிலும், பிறகு உள்ளங்காலிலும் வைத்துப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் உடை சரியான அளவில் இருக்கிறது. வயிறு வெதுவெதுப்பாகவும் கால் சில்லென்றும் இருந்தால் குளிரத் தொடங்கியுள்ளது என்று பொருள். மார்போடு அணைத்து ஒரு துணி போர்த்துங்கள். வயிறும் பிடரியும் சுடுகின்றன, முகம் சிவந்திருக்கிறது, கழுத்து மடிப்பில் வேர்க்குரு தெரிகிறது என்றால் உடனே ஓர் அடுக்கைக் குறைக்க வேண்டும். வியர்வை இல்லையே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம்.

துணியைப் பொறுத்தவரை நம் முன்னோர் வழக்கம் நல்லதே. துவைத்துத் துவைத்து மென்மையான வேட்டித் துணிக்கு ஈடான உடையைக் கடையில் காண்பது அரிது. முன்புறம் திறந்து, பக்கவாட்டில் முடிச்சிடும் கையில்லாத சட்டை தைத்துக்கொண்டால் அணிவிப்பதும் எளிது. புதிய சட்டையாயின் ஒருமுறை துவைத்து வெயிலில் உலர்த்தியபின் போடுங்கள். அரசு மருத்துவமனைகளில் 2015 முதல் வழங்கப்பட்ட அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் உடை, துண்டு, கொசுவலை ஆகியவை இருந்தன. மூத்த குழந்தைக்குக் கிடைத்தவற்றை எடுத்து வைத்திருப்போர் இப்போதும் பயன்படுத்தலாம்.

ஆனால் எடுத்து வைத்த இடத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்த துணியை அப்படியே எடுத்துக் குழந்தைக்குச் சுற்றக் கூடாது. அந்துருண்டையிலுள்ள நாப்தலீன், பிறவியிலேயே ஜி6பிடி என்னும் நொதி குறைந்த குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கக் கூடியது. உங்கள் குழந்தைக்கு அக்குறை உண்டா என்பது பெரும்பாலும் எவருக்கும் தெரிந்திராது. சோப்பிட்டுத் துவைத்து, வாடை முற்றும் நீங்கும் வரை நல்ல வெயிலில் காயவைப்பது கட்டாயம்.

கையுறை, காலுறைகளின் உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துப் பிரிந்த நூல்களை வெட்டிவிடுங்கள். அந்நூல் விரலில் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டம் தடைபடும். குழந்தை ஏன் அழுகிறது என்பதே விளங்காது. கழுத்தில் கயிறு வேண்டவே வேண்டாம். பேர் வைக்கும் நாளில் ஜரிகையும் நைலான் வலையும் வைத்த சட்டை போட விரும்பினால் படம் எடுத்து முடித்தவுடன் கழற்றிவிடலாம். உறவினர் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வேர்க்குருவுக்குப் பவுடர் பூச வேண்டாம். அதன் தூள் மூச்சுக்குழலுக்குள் போகும். உடையைக் குறைத்துத் தோலை உலர்வாக வைத்திருந்தால் வேர்க்குரு தானே அடங்கும்.

மின்விசிறிக் காற்று பட்டால் சளி பிடிக்கும் என்னும் அச்சம் நம் ஊர்களில் ஆழமானது. சளியைத் தருவது கிருமி. அது பெரும்பாலும் குழந்தையைப் பார்க்க வந்து முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சுவோரிடமிருந்து வருகிறது. விசிறியை மெதுவாகச் சுழலவிட்டு, நேரே அதன் கீழ் படுக்க வைக்காமல் இருந்தால் போதும். தூளி கட்டுவதானால் பருத்திச் சேலையில் கட்டுங்கள். நைலான் சேலைக்குள் காற்று புகாது. ரப்பர் ஷீட்டின் மேல் பருத்தித் துணி விரிக்காமல் படுக்க வைக்காதீர்கள். எவ்வளவு வெயிலானாலும் ஆறு மாதம் வரை தண்ணீரோ சர்க்கரை நீரோ வேண்டாம். அடிக்கடி தரும் தாய்ப்பாலே தாகத்தையும் தீர்க்கும்.

ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறும் குடும்பங்களுக்குத் தனியே சில சொற்கள். போடியிலிருந்து போடிமெட்டு ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வளவு உயரத்துக்குச் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். அதன்மேல் பனிமூட்டமும் காற்றும் சேரும். ஆகவே கனமான ஒரே உடையாக அல்லாமல், மெல்லிய துணிகளாக மூன்று நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். முந்தல் வரை ஒரு சட்டை போதும். வளைவுகள் ஏற ஏறச் சட்டை ஒன்று கூட்டி, காலுறையும் குல்லாவும் இட்டு, இறுதியில் போர்வை சுற்றலாம். முகத்தை எந்நிலையிலும் மூடக் கூடாது. நனைந்த இடுப்புத் துணியை உடனே மாற்றுங்கள். ஈரத்தில் காற்றடித்தால் குழந்தை விரைவில் குளிர்ந்துவிடும்.

ஏறும்போது எல்லோரும் கவனமாகவே இருக்கின்றனர். இறங்கும்போதுதான் மறதி வருகிறது. மேலே போர்த்தியது அப்படியே இருக்க, குழந்தை அயர்ந்து உறங்க, நெரிசலான ஜீப் வெயிலுக்குள் வந்து சேர்கிறது. பாதி வழியில் போர்வையையும் முந்தலில் குல்லாவையும் நீக்கிவிடுங்கள். உறங்கும் குழந்தை விழித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

உடல் சுடுவதாகத் தோன்றினால் அக்குளில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. அதற்கு மேல் இருந்தால் உடையைக் குறைத்து, நிழலான இடத்தில் பால் கொடுத்து, அரை மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். துணியின் சூடாக இருந்தால் அதற்குள் தணிந்துவிடும். தணியாவிட்டால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம். "வெயில் சூடுதான்" என்று வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. 38 டிகிரியைத் தொட்டால் அந்த அரை மணி நேரமும் காத்திருக்க வேண்டாம். பால் குடிக்க மறுத்தாலும், துவண்டு கிடந்தாலும், நிமிடத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினாலும், ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு முறைக்கும் குறைவாகச் சிறுநீர் கழித்தாலும், உடல் சில்லிட்டுப் போனாலும் அவ்வாறே உடனே புறப்பட வேண்டும். காய்ச்சல் சொட்டு மருந்தை நீங்களாகக் கொடுக்காதீர்கள். வாகனம் இல்லையெனில் 108-ஐ அழையுங்கள். வரும் வழியில் குழந்தையைக் கம்பளியில் பொதியாமல் ஒற்றைத் துணியோடு மார்பில் அணைத்துக்கொண்டு, குடிக்கும் நிலையிலிருந்தால் பால் கொடுத்தபடியே வாருங்கள்.